பாறை இடுக்கில் நடந்து பவல் ஏரிக்கு: பெங்களூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்களில் யாராவது ஒருவர் எப்போதும் அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். ஒருவருக்கு ஆபீஸ் வேலை, ஒருவருக்கு லாஸ் வேகஸில் கண்காட்சி, ஒருவருக்கு ஃபீனிக்ஸில் இருக்கும் மகளின் பிரசவம். கூடவே நாலு நாள் லீவு சேர்த்துக்கொண்டு, "அந்தச் செம்பாறைச் சந்துக்குள் நடந்து போனால் கடைசியில் ஏரி வருமாமே, அங்கே போகலாமா?" என்று ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சாவனதுர்கா மலை ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். பேச்சு முழுக்க யூட்டா, அரிசோனா எல்லையில் இருக்கும் பவல் ஏரியைப் பற்றியும் அதில் போய் இறங்கும் கேன்யன்கள் என்ற பாறைப் பள்ளத்தாக்குகளைப் பற்றியும்தான்.

ஸ்லாட் கேன்யன் என்பது சாதாரணப் பள்ளத்தாக்கிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

அகலத்தைவிட ஆழம் பல மடங்கு அதிகம். இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். தலைக்கு மேலே பத்து மாடி உயரத்துக்குப் பாறை நிற்கும். வானம் ஒரு கோடாகத்தான் தெரியும். அந்தப் பகுதியின் பிரபலமான கேன்யன்கள் பலவும் நவஹோ மணற்பாறையில் அமைந்தவை. டைனோசர் காலத்து மணல்மேடுகள் இறுகிப் பாறையானது அது. 18 கோடி ஆண்டுக்கு மேல் வயது. பாறையில் ஏற்கெனவே இருக்கும் விரிசலில் மழைவெள்ளம் மணலையும் கல்லையும் அள்ளிக்கொண்டு பாய்கிறது. அந்த மணலே அரமாக நின்று பாறையை அறுக்கிறது. மழை அதிகமான ஊராக இருந்தால் மேல் விளிம்புகளும் கரைந்து சரிந்து, பள்ளத்தாக்கு அகலமாகியிருக்கும். அங்கே ஆண்டு முழுக்க வறட்சி, வந்தால் வெள்ளம். அதனால் கீழ்நோக்கி மட்டும் அறுபட்டு இடுக்காகவே நின்றுவிட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் நடக்கப்போகும் பாதையை வெட்டியது வெள்ளம். அது வேலையை இன்னும் முடிக்கவில்லை.

பாலைவனத்தில் ஏரி எப்படி வந்தது?

இயற்கை ஏரி இல்லை, அணைக்கட்டு. கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டிய கிளென் கேன்யன் அணை 1963இல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கியது. முதன்முறை முழுசாக நிரம்பியது 1980இல்தான், 17 ஆண்டு ஆயிற்று. 1869இல் அந்த ஆற்றில் படகில் போன ஜான் வெஸ்லி பவல் பெயரை ஏரிக்கு வைத்தார்கள். நிரம்பியிருக்கும்போது நீளம் சுமார் 300 கி.மீ. ஆனால் அகலமான ஏரியைக் கற்பனை செய்ய வேண்டாம். கிளைப் பள்ளத்தாக்கு ஒவ்வொன்றுக்குள்ளும் தண்ணீர் நுழைந்து நிற்பதால் கரையின் நீளம் மட்டும் 3,000 கி.மீ.க்கு மேல் வரும். நாம் நடந்து போய்ச் சேர்வது அப்படிப்பட்ட ஒரு கிளையின் வாய்க்கு.

எந்தப் பாதையில் போகலாம்?

நாலு இடங்களைச் சொல்கிறேன். நாலும் நாலு விதம்.

வயர்கிராஸ் கேன்யன். அரிசோனாவின் பேஜ் என்ற ஊரிலிருந்து பிக் வாட்டர் என்ற சிற்றூர் போய், அங்கிருந்து கொஞ்ச தூரம் மண் சாலை. ஒரு வறண்ட ஓடையில் தொடங்கி, போகப்போகச் சுவர் உயரும். தூண் மேல் கல் வைத்ததுபோல நிற்கும் பாறைகளும் சின்னப் பாறை வளைவுகளும் வழியில் உண்டு. ஏரிப் பக்கம் போக ஒரு வழிக்கு ஏறக்குறைய 5 கி.மீ. மூச்சு முட்டும் இடுக்கு இதில் கிடையாது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

வில்லோ கல்ச். யூட்டாவின் எஸ்கலான்டே ஊருக்குப் பக்கத்தில் பிரியும் ஹோல்-இன்-த-ராக் சாலையில் பாதிக்கும் மேல் போக வேண்டும். தொடக்கத்தில் குறுகலான இடுக்கு, அப்புறம் ஓடையில் தண்ணீர், மரங்கள், சுமார் 3 கி.மீ.யில் புரோக்கன் போ என்ற பெரிய பாறை வளைவு. அதையும் தாண்டிப் போனால் ஏரி, அல்லது ஏரி விட்டுப்போன சேறு. அழகில் இதற்குத்தான் என் ஓட்டு. வளைவோடு திரும்பிவிட்டாலும் குறை ஒன்றும் இல்லை.

ஹோல்-இன்-த-ராக். மேலே சொன்ன சாலை முடியும் இடம், சுமார் 90 கி.மீ. உள்ளே. இது நடைபாதை என்பதைவிட மலைவிளிம்பில் விழுந்த ஒரு கீறல். 1879ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மார்மன் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் சுமார் 250 பேர் இங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். வாரக்கணக்கில் வெடி வைத்தும் உளி வைத்தும் அந்தக் கீறலை அகலமாக்கி, 1880 ஜனவரி 26 அன்று தொடங்கி 83 வண்டிகளைக் கயிறு கட்டிப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி ஆற்றுக்கு இறக்கினார்கள். இன்று அந்த வழியின் கீழ்ப்பகுதி ஏரிக்குள் இருக்கிறது. தூரம் குறைவு. ஆனால் பெரும் பாறைகளில் கை ஊன்றி இறங்கி, அதே பாறைகளில் ஏறி வர வேண்டும். முழங்கால் வலி இருப்பவர்கள் மேலே நின்று பார்த்துவிட்டு வரலாம்.

ஆன்டலோப் கேன்யனின் ஏரிப் பக்க வாய். இதற்கு எதிர்த்திசையில் போக வேண்டும். ஏரியில் கயாக் என்ற சின்னப் படகில் துடுப்பு போட்டு வாய்க்குப் போய், கரையில் இறங்கி, கேன்யனுக்குள் மேல்நோக்கி நடப்பது. பேஜ் ஊரில் கயாக் வாடகைக்கும் கிடைக்கும், வழிகாட்டியோடும் கிடைக்கும்.

ஆன்டலோப் கேன்யனுக்குள் நாமாகவே போக முடியாதா?

போட்டோக்களில் பார்க்கும் மேல் ஆன்டலோப்பும் கீழ் ஆன்டலோப்பும் நவஹோ என்ற பழங்குடி மக்களின் நிலம். அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது. ஏரிப் பக்க வாயில் கொஞ்ச தூரம் வரை தேசியப் பூங்காத் துறையின் பகுதி. அதற்கு மேலே மறுபடியும் நவஹோ நிலம். எங்கே நிற்க வேண்டும் என்று கயாக் தருபவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வேலி இல்லையே என்று நடந்துகொண்டே போகாதீர்கள்.

கூகுளில் ஒருவர் 4 கி.மீ. என்கிறார், இன்னொருவர் 7 கி.மீ. என்கிறார். ஏரிக்கு உண்மையில் எவ்வளவு தூரம்?

இரண்டு பேரும் சரியாகச் சொல்லியிருக்கலாம். அவர்கள் அங்கே போன ஆண்டுகள் வெவ்வேறாக இருக்கும்.

மேட்டூர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் 120 அடியைத் தொட்டால் பண்ணவாடியில் நந்தி சிலை தண்ணீருக்குள் இருக்கும். மட்டம் இறங்கினால் நந்தி வெளியே வரும், பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வரும், மக்கள் நடந்தே போய்ப் பார்ப்பார்கள். கரை என்பது ஒரே இடத்தில் நிற்பதில்லை. (காவிரி மட்டத்தைப் பற்றிப் பெங்களூரில் உரக்கப் பேசுவதில்லை என்பது எனக்கும் தெரியும்.) பவல் ஏரியும் அப்படித்தான், அளவு மட்டும் பெரிது. முழுக் கொள்ளளவு கடல் மட்டத்திலிருந்து 3,700 அடி. 2023 தொடக்கத்தில் 3,520 அடிக்கு இறங்கியது. 180 அடி இறக்கம் என்றால் 15 மாடிக் கட்டடம் ஒன்று முழுசாகத் தண்ணீருக்கு வெளியே வந்த மாதிரி. பல பத்தாண்டு மூழ்கிக் கிடந்த பள்ளத்தாக்குகள், பாறை மண்டபங்கள், சின்ன அருவிகள் எல்லாம் மறுபடி தலைகாட்டின. 'கதீட்ரல் இன் த டெசர்ட்' என்ற பாறை மண்டபம் அதில் பிரபலம்.

நடப்பவருக்கு இதன் பொருள்: ஏரி பின்வாங்கிய தூரம் முழுவதும் நம் கணக்கில் கூடும். அதுவும் பாறைத் தரை இல்லை. ஏரி விட்டுப்போன வண்டல், சேறு, புதர். அந்த வண்டலுக்கு அணையைக் கட்டிய துறையின் தலைவர் டொமினி பெயரைக் கிண்டலாக வைத்து, ஏதோ புவியியல் பாறையடுக்கு மாதிரி 'டொமினி ஃபார்மேஷன்' என்று அழைக்கிறார்கள்.

ஒரே ஆண்டுக்குள்ளும் மட்டம் மாறும். ராக்கி மலைப் பனி உருகி வருவதால், வழக்கமாக ஏப்ரல் வாக்கில் குறைந்து, ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ உச்சம் தொடும். அமெரிக்க நீர்வளத் துறை தினமும் மட்டத்தை வெளியிடுகிறது. கிளம்பும் வாரத்தில் அதைப் பாருங்கள், பிறகு சமீபத்தில் போனவர்கள் எழுதியதைப் பாருங்கள். பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கும் தூரத்தை நம்பித் தண்ணீர் அளந்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

வானம் தெளிவாக இருந்தால் வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

உங்கள் தலைக்கு மேலே இருக்கும் வானத்துக்கும் உங்கள் காலடியில் வரும் வெள்ளத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டலோப்பில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பல கி.மீ. தள்ளி மேட்டில் கொட்டிய இடிமழை, ஓடை வழியே திரண்டு இடுக்குக்குள் பாய்ந்தது. 2015 செப்டம்பரில் ஸயான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் 7 பேர் இதேபோல இறந்தார்கள். நம் பக்கத்திலும் 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. மேலே மலையில் பெய்த மழைதான் அதற்கும் காரணம்.

பாலைவனத்தில் இது ஏன் இன்னும் மோசம்? மழையைக் குடிக்க அங்கே மண்ணும் இல்லை, காடும் இல்லை. வெறும் பாறைமேல் விழும் தண்ணீர் அப்படியே வழிந்து ஓடைக்கு வருகிறது. அகலமான ஓடையில் முழங்கால் அளவு ஓடும் நீர், ஒரு மீட்டர் அகல இடுக்குக்குள் நுழைந்தால் எத்தனை அடி உயரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இடுக்கில் நடக்கும்போது தலைக்கு மேலே பாறைகளுக்கு நடுவே மரக்கட்டை சிக்கிக்கொண்டிருக்கும். அதை யாரும் கொண்டுபோய் வைக்கவில்லை. வெள்ளம் அவ்வளவு உயரம் வந்து விட்டுப்போனது.

என்ன செய்வது? முதலில், வரைபடத்தை எடுத்து நீங்கள் போகும் ஓடைக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். வில்லோ கல்ச் என்றால் மேற்கே நீளமாக நிற்கும் 'ஐம்பது மைல் மலை'ப் பக்கம். பாதை தொடங்கும் இடத்தில் நின்றால் அந்த மலை தெரியும். உள்ளே இறங்கிய பிறகு தெரியாது. அதன் மேல் மேகம் கருத்திருந்தால் காரிலேயே உட்கார்ந்து முறுக்கு தின்னுங்கள்.

இரண்டாவது, அமெரிக்க வானிலைத் துறை அந்த வட்டாரப் பூங்காக்களுக்கு அன்றன்றைக்கு வெள்ள வாய்ப்பை நான்கு படிகளாகச் சொல்கிறது: எதிர்பார்க்கவில்லை, வரலாம், அநேகமாக வரும், வரும். முதல் படியைத் தவிர வேறு எதுவாக இருந்தாலும் குறுகலான இடுக்குக்குள் போகாதீர்கள் என்பது என் கட்சி. "வரலாம் என்றுதானே போட்டிருக்கிறான்" என்று வாதம் செய்பவரோடு நான் போகமாட்டேன். பக்கத்து ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டால் ஓடையின் இன்றைய நிலையும் சொல்வார்கள். கேட்க வெட்கப்படத் தேவையில்லை, அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, உள்ளே போன பிறகு தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினால், சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தால், லாரி வருவதுபோல இரைச்சல் கேட்டால், உடனே மேட்டுக்கு ஏறுங்கள். வெள்ளத்தை முந்தி ஓட நினைக்காதீர்கள். பையை விட்டுவிடலாம். ஏறியபிறகு தண்ணீர் வடிகிறதே என்று சீக்கிரம் இறங்கவும் கூடாது, அடுத்த அலை வரலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், சில இடுக்குகளில் ஏற இடமே கிடையாது. அதனால்தான் முடிவை வெளியிலேயே எடுக்க வேண்டும் என்கிறேன்.

அப்படியானால் எந்த மாதம் நல்லது?

அக்டோபர். இரண்டாவது சாய்ஸ் ஏப்ரல் கடைசியும் மே மாதமும், ஆனால் அப்போது ஏரித் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும். ஜூனில் வெயில் 40 டிகிரியை நெருங்கும். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அங்கேயும் பருவமழை, மத்தியான நேரத்து இடிமழை. துரதிருஷ்டம், நம்மவர்கள் பலர் பிள்ளைகள் காலேஜ் சேரும் ஆகஸ்டில்தான் போகிறார்கள். ஆகஸ்டில் போனால் ஏரிக்கரையில் படகு விடுங்கள், இடுக்கை விட்டுவிடுங்கள்.

பெங்களூரில் இருந்துகொண்டே எப்படிப் பழகுவது?

கால் பலத்துக்குச் சாவனதுர்கா போதும். வழுக்குப் பாறையில் செருப்புப் பிடிமானத்தை நம்பி நடக்கப் பழக்கும். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசத்தை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே நாம் ஏறும் மலை எல்லாம் காலையில் தெம்பாக ஏற்றம், வெயில் வரும்போது இறக்கம். அங்கே தலைகீழ். காலையில் குளுகுளுவென்று ஏரிக்கு இறக்கம், மதியம் களைத்த காலோடு ஏற்றம். இறங்கும்போது "இவ்வளவுதானா" என்று தோன்றும். அந்த எண்ணத்தை நம்பக் கூடாது.

இதைப் பழக நமக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல இடம் கண்டிகோட்டா. கடப்பா மாவட்டத்தில் வடபெண்ணை ஆறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துப்போன பள்ளத்தாக்கு. பெங்களூரிலிருந்து சுமார் 280 கி.மீ. கோட்டைப் பக்கம் மேலே நின்று செல்ஃபி எடுத்துத் திரும்பாமல், இறங்க விடும் இடத்தில் தண்ணீர் வரை பாறை பாறையாக இறங்கி, வெயில் ஏறியபிறகு திரும்பி ஏறிப் பாருங்கள். பிப்ரவரியில் போனால் பயிற்சி. மே மாதம் போனால் தண்டனை.

வெயில் பழக்கமும் வேண்டும். நம் ஊர் ஏசி போட்ட மாதிரி ஊர். 30 டிகிரி ஆனாலே புலம்புவோம். உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பெங்களூர் 900 மீட்டர், பேஜ் 1,300 மீட்டர். மூச்சுத் திணறல் வருமளவுக்கு வித்தியாசம் இல்லை.

எவ்வளவு தண்ணீர் எடுத்துப் போக வேண்டும்?

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பது பூங்காத் துறை சொல்லும் கணக்கு. நாம் இங்கே 2 லிட்டரோடு மலை ஏறிப் பழகியவர்கள், அந்தப் பழக்கம் அங்கே உதவாது. காற்று வறண்டிருப்பதால் வியர்வை சட்டையில் தெரியாது, வந்தவுடன் காய்ந்துவிடும். வியர்க்கவில்லையே என்று குடிக்காமல் இருந்துவிடுவோம். மூன்றில் ஒரு பங்கு இறங்குவதற்கு, மீதி ஏறுவதற்கு. வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைசுற்றல், குழப்பம் வரும். பெங்களூர் மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏரித் தண்ணீரைக் குடிக்கலாமா?

வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடிக்கலாம், அப்படியே கூடாது. ஓடை நீர் வண்டலாக இருந்தால் ஃபில்டர் உடனே அடைத்துக்கொள்ளும். அதற்கு நம் பாட்டி வைத்தியமே போதும்: ஒரு சிட்டிகை படிகாரத்தூள் போட்டுக் கலக்கி வைத்தால் வண்டல் அடியில் தங்கிவிடும். கொலராடோ ஆற்றில் படகு விடுபவர்களும் இதே படிகாரத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். தெளிந்ததை மட்டும் ஊற்றி வடிகட்டுங்கள்.

சாப்பாடு?

புளியோதரை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய் சேர்த்த எதையும் அந்த வெயிலில் பையில் வைக்காதீர்கள். கடலைமிட்டாயும் முறுக்கும் அங்கே விற்கும் எனர்ஜி பார்களைவிட மேல், உப்பும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: இந்தியாவிலிருந்து பெட்டியில் அரிசி கொண்டுபோக அமெரிக்காவில் அனுமதி இல்லை, தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டுக்குப் பயந்து. புளிக்காய்ச்சலைக் கொண்டு போங்கள், அரிசியை லாஸ் வேகஸ் இந்தியக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகைக் காரில் போய்விட முடியுமா?

பேஜ் வரை தாராளமாக. லாஸ் வேகஸிலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் நாலரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல சாலை. பிரச்சினை ஹோல்-இன்-த-ராக் சாலை. முழுக்க மண், தகரக் கூரை மாதிரி அலை அலையாக இருக்கும், கடைசிச் சில கி.மீ. தரையிலிருந்து உயரமாக நிற்கும், நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் (4x4) வண்டிக்கு மட்டும். மழை பெய்தால் யாருக்கும் இல்லை. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கும். மாட்டிக்கொண்டால் இழுத்துவர ஆகும் செலவில் பெங்களூருக்கு ஒரு டிக்கெட் வாங்கலாம். எஸ்கலான்டேயில் ஜீப் வாடகைக்கும் கிடைக்கும், வழிகாட்டியோடு கூட்டிப்போகிறவர்களும் உண்டு.

கடிகாரம் ஒரு தலைவலி. அரிசோனாவில் கோடைக்காலத்துக்காக நேரத்தை மாற்றுவதில்லை, யூட்டாவில் மாற்றுகிறார்கள், அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ நிலத்திலும் மாற்றுகிறார்கள். மார்ச் முதல் நவம்பர் வரை பேஜ் ஊரைச் சுற்றிப் போன் தன்னிஷ்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னே பின்னே குதிக்கும். டூர் புக் செய்திருந்தால் எந்த நேரப்படி என்று கேட்டு, போனில் நேரத்தைக் கையால் மாற்றி வையுங்கள்.

அம்மா அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாமா?

அறுபது வயதுக்கு மேல், தினமும் லால்பாக்கில் நடப்பவர்கள் என்றால் வயர்கிராஸில் முதல் 2 கி.மீ. போய்த் திரும்பலாம். ஏரிவரை இழுத்துப் போகாதீர்கள். மணலில் நடப்பது சமதரையில் நடப்பதைப்போல இரண்டு மடங்கு வேலை. அவர்களுக்கு ஆன்டலோப்பின் மேல்பகுதி நல்ல வழி. கேன்யனுக்குள் தரை சமம், வழிகாட்டி கூடவே வருவார். கீழ்ப்பகுதியில் இரும்பு ஏணிகள் இருக்கின்றன. நம் பெரியவர்கள் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், "நீங்க போங்க, நான் மெதுவா வரேன்" என்பார்கள். அப்படிச் சொன்னால் எல்லோரும் திரும்புங்கள். பாலைவனத்தில் யாரையும் தனியாக உட்காரவைத்துவிட்டுப் போகக் கூடாது.

எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக நடப்பார்கள். கயாக்கில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற மட்டும் விடாதீர்கள்.

எனக்கு மூடிய இடம் என்றால் பயம். உடம்பும் கொஞ்சம் பெரிசு.

மேலே சொன்ன நாலு பாதையிலும் உடம்பைத் திணிக்கும் இடம் பெரிதாக இல்லை. ஆனால் ஹோல்-இன்-த-ராக் சாலையில் போகிறவர்கள் வழியில் ஸ்பூக்கி என்ற கேன்யனையும் பார்க்க ஆசைப்படுவார்கள். அது சில இடங்களில் ஒரு சாண் அகலம்தான். பையைக் கழற்றிக் கையில் பிடித்து, பக்கவாட்டில் நகர வேண்டும். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே நடக்க வேண்டியதுதான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விடுங்கள்.

புதைமணல் உண்மையா, சினிமாக் கதையா?

உண்மை, ஆனால் சினிமாவில் காட்டுவதுபோலத் தலைவரை விழுங்காது. ஏரி வற்றிய கரையிலும் ஓடை வளைவுகளிலும் முழங்கால், சில சமயம் தொடை வரை இறங்கும். ஆபத்து மூழ்குவதில் இல்லை. வெயிலிலோ குளிர்நீரிலோ மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வதில்தான். காலை மேலே இழுக்க இழுக்க இறுகும். பின்பக்கமாகச் சாய்ந்து எடையைப் பரப்பி, காலை மெதுவாக ஆட்டினால் பக்கத்தில் தண்ணீர் புகுந்து மணல் தளரும். பளபளவென்று ஈரமாக மின்னும் மணலில் முதலில் கோலை ஊன்றிப் பாருங்கள்.

ஏரியில் குளிக்கலாமா? பாறையிலிருந்து குதிக்கலாமா?

குளிக்கலாம், உயிர்காப்பாளர் யாரும் கிடையாது. 15 அடிக்கு மேல் உயரமான பாறையிலிருந்து குதிப்பது அங்கே சட்டப்படி குற்றம். மட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த மாதம் பாறை இருக்கும். கயாக்கை ஏரியிலிருந்து எடுத்ததும் கழுவி, வடித்து, காயவைக்கச் சொல்வார்கள். குவாகா என்ற ஒட்டுச் சிப்பி ஏரியில் பெருகிவிட்டது. அது வேறு ஏரிகளுக்குப் பரவாமல் இருக்கத்தான் இந்த விதி.

பாம்பு, தேள்?

இரண்டும் உண்டு. கையை வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். தண்ணீர் ஓடும் கேன்யன்களில் மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஐவி செடியைத் தொட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். பாம்பைவிட அதைத்தான் அதிகம் பேர் சந்திக்கிறார்கள்.

கழிப்பறை வசதி?

கிடையாது. கடைகளில் கழிவுப் பை விற்கிறார்கள், அதில் எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். கேட்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் இடுக்கு வழியே ஓடும் தண்ணீர் எல்லாம் கடைசியில் நாம் குளிக்கும் அந்த ஏரிக்குத்தான் போகிறது. ஏரியிலிருந்து கால் மைலுக்குள் கூடாரம் போட்டால் இது கட்டாயம்.

டிரோன் பறக்கவிடலாமா?

கூடாது. பூங்காத் துறை இடங்கள் எல்லாவற்றிலும் தடை.

நடக்கும்போது வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

ஓடைக்கு வெளியே மண்ணின் மேல் கருப்பாக மொறுமொறுவென்று ஒரு பொருக்கு இருக்கும். அது உயிருள்ளது, மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைப்பதே அதுதான். ஒருமுறை மிதித்தால் மீண்டு வரப் பல ஆண்டு ஆகும். பாறையிலோ ஓடை மணலிலோ மட்டும் நடங்கள். பாறை ஓவியங்களைத் தொடாதீர்கள், நம் ஊரில் செய்வதுபோலப் பக்கத்தில் பெயர் செதுக்கினால் அபராதமும் உண்டு, வழக்கும் உண்டு.

போன் எடுக்குமா? சாட்டிலைட் கருவி வாங்கிக்கொள்ளலாமா?

கேன்யனுக்குள் சிக்னல் இருக்காது. உயரமான சுவர்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். புள்ளியும் அலைபாயும். வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, காகிதத்திலும் ஒன்று வைத்திருங்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஐபோன் 14இலும் அதற்குப் பிந்தைய மாடல்களிலும் அமெரிக்காவில் சாட்டிலைட் வழியாக அவசர உதவி கேட்கலாம். வானம் திறந்த இடத்துக்கு வந்தால்தான் வேலை செய்யும்.

தனி சாட்டிலைட் கருவி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதை அங்கேயே வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலை மலிவாக இருக்கிறதே, கூர்க்கில் உதவுமே என்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். முன் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ செய்திக் கருவியோ வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். மலையேற வந்த வெளிநாட்டவர்களையே இதற்காக நம் விமான நிலையங்களில் பிடித்து வைத்திருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு தேவனஹள்ளியில் இறங்கி, பாதுகாப்பு அதிகாரியிடம் இது மலையேற்றக் கருவி என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட வாடகைப் பணம் குறைவு.